வாடகை பேசுவது எப்படி? சொந்த டிரெய்லரைத் தாமே ஓட்டுபவர்களின் கேள்விகள்

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு தாமே ஓட்டுபவர்கள் நிறையப் பேர். பத்து வண்டி வைத்திருப்பவருக்கு வாடகை பேச ஒரு ஆள், கணக்கு எழுத ஒரு ஆள் இருப்பார். ஒற்றை வண்டிக்காரர் ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு, காலையில் தூக்கக் கலக்கத்தோடு லாரி புக்கிங் ஆபீஸில் போய் நின்று பேச வேண்டும். அந்த நேரத்தில் பேசும் பேச்சில்தான் மாதத் தவணை நிற்பதும் விழுவதும்.

இங்கே வரும் கணக்குகள் 22 சக்கர பிளாட்பெட் டிரெய்லருக்கானவை. பக்கப் பலகை இல்லாமல் காயில் (சுருட்டிய இரும்புத் தகடு), கம்பி, பிளேட், மிஷின் ஏற்றும் வண்டி. தொகைகள் எல்லாம் உதாரணம்தான். உங்கள் டைரியில் இருக்கும் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

புரோக்கர் போன் செய்து "என்ன ரேட் எதிர்பாக்குறீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது?

ரேட்டைச் சொல்லாதீர்கள். முதலில் நீங்கள் கேளுங்கள்: என்ன சரக்கு, எத்தனை டன், எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது, கிரேன் இருக்கிறதா, இன்றைக்கே லோடு ஆகுமா, அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எப்போது. இத்தனையும் தெரியாமல் சொல்லும் எண் வெறும் யூகம். நீங்கள் குறைவாகச் சொல்லிவிட்டால் அவர் "சரி" என்று உடனே வைத்துவிடுவார். கூடுதலாகச் சொன்னால் அடுத்த வண்டிக்குப் போன் போகும்.

விவரம் எல்லாம் வாங்கிய பிறகு "நீங்க என்ன வச்சிருக்கீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் சொல்லும் முதல் எண் பெரும்பாலும் கடைசி எண் அல்ல. அதற்காக வாய்க்கு வந்தபடி ஏற்றிக் கேட்பதும் வேண்டாம். அதே பாதையில் நேற்று ஏற்றிப் போன இரண்டு டிரைவர்களிடம் விசாரித்துவிட்டு, அதற்குச் சற்று மேலே நின்று பேசுங்கள்.

எனக்குக் கட்டுபடியாகும் வாடகை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் உட்கார்ந்து போட வேண்டும். கணக்கைப் போகும் பயணத்துக்கு மட்டும் போடாமல், வண்டி கிளம்பிய ஊருக்குத் திரும்பும்வரை முழுச் சுற்றுக்கும் போடுங்கள்.

எண்ணூரில் காயில் ஏற்றிக் கோவையில் இறக்குகிறோம். சுமார் 520 கிலோமீட்டர். அங்கிருந்து காலியாக மேச்சேரி பக்கம் 150 கிலோமீட்டர் போய்க் கம்பி ஏற்றிச் சென்னைக்கு வருகிறோம், 370 கிலோமீட்டர். மொத்தம் 1,040. லோடோடு லிட்டருக்கு 2.75, காலியில் 4.5 கிடைக்கிறது என்று வைத்தால் சுமார் 357 லிட்டர் டீசல். லிட்டர் 93 ரூபாய் என்றால் 33,200. பிஎஸ்-6 வண்டிக்குப் புகையைக் குறைக்க ஊற்றும் யூரியா 1,000. சுங்கச்சாவடி 8,000. எடைமேடை, தார்ப்பாய் கட்டுவது, வழிச் செலவு எல்லாம் 3,000. ஐந்து நாளுக்கு உங்கள் பேட்டா, நாளுக்கு 1,200 வீதம் 6,000. ஆக 51,200.

இந்த இடத்தில் நிறையப் பேர் "நான்தானே ஓட்டுறேன், எனக்கு எதுக்கு பேட்டா?" என்று அந்த 6,000-ஐ விட்டுவிடுவார்கள். நாளைக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் வேறு டிரைவரைத்தான் போட வேண்டும். அவர் சும்மா ஓட்டுவாரா?

கோவை லோடு டன்னுக்கு 1,150, மேச்சேரி லோடு டன்னுக்கு 800, இரண்டும் 38 டன். 43,700-ம் 30,400-ம் சேர்ந்து 74,100. கையில் 22,900 நிற்கிறது. நல்ல டிரிப் என்று நினைத்து வீட்டுக்குப் போன் செய்வோம்.

இப்போது மீதியையும் கழியுங்கள். டயர் தேய்மானமும் சர்வீஸும் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் என்றால் 7,300. மாதத் தவணை 70,000, இன்சூரன்ஸ், வரி, பர்மிட், எஃப்.சி. எல்லாவற்றையும் மாதமாகப் பிரித்தால் 12,000. வண்டி மாதத்தில் 24 நாள் வேலை செய்தால் நாளுக்குச் சுமார் 3,400. ஐந்து நாளுக்கு 17,000. மொத்தச் செலவு 75,500. வந்தது 74,100. அந்த நல்ல டிரிப்பில் 1,400 ரூபாய் நஷ்டம். டயர் உடனே பணம் கேட்பதில்லை, அதனால்தான் இது தெரிவதில்லை. ஒரு வருஷம் கழித்து மொத்தமாகக் கேட்கும்.

இரண்டு பக்கமும் டன்னுக்கு 100 ரூபாய் கூட்டி வாங்கியிருந்தால் 7,600 கூடுதல், 6,200 லாபம். வாடகை பேசுவது என்பது இந்த நூறு ரூபாய்க்குத்தான்.

ரிட்டர்ன் லோடு அடிமாட்டு விலைக்கு வருகிறது. எடுக்கலாமா, காலியாக வரலாமா?

சில நேரம் எடுக்கலாம். கோவையிலிருந்து சென்னைக்கு 20,000 ரூபாய்க்கு ஒரு லோடு. பார்த்தாலே கோபம் வரும் வாடகை. ஆனால் நீங்கள் எப்படியும் சென்னைக்கு வரத்தான் போகிறீர்கள் என்றால், காலியாக வந்தாலும் சுங்கம் உண்டு, டீசல் உண்டு. லோடோடு வருவதால் கூடும் டீசல் சுமார் 6,800, ஏற்றும் செலவு 1,500. இவற்றைக் கழித்தால் 11,700 கையில் நிற்கும்.

ஆனால் அந்த லோடுக்காக ஒரு நாள் நின்றால் தவணைப் பங்கும் பேட்டாவும் சேர்த்து 4,600 போயிற்று. இரண்டு நாள் நின்றால் 2,500 மிஞ்சும். மூன்றாம் நாள் காலியாக வந்திருக்கலாம் என்று தோன்றும்; கணக்கும் அதையேதான் சொல்லும். அதனால் குறைந்த வாடகை ரிட்டர்ன் லோடுக்கு என் நிபந்தனை ஒன்றுதான்: இன்றைக்கு ஏற்றினால் வருகிறேன். "நாளைக்குக் கட்டாயம் ஆயிடும்ணே" என்பதற்கு மதிப்பே இல்லை.

இன்னொன்று. ரிட்டர்னில் வாங்கும் வாடகையைக் காட்டி, "போன வாரம் இதே தூரத்தை 20,000-க்கு ஓட்டினீங்களே" என்று போகும் லோடையும் குறைக்கப் பார்ப்பார்கள். இரண்டும் வேறு சந்தை. ஏற்றுமிடத்தில் வண்டி குறைவு, திரும்பும் இடத்தில் வண்டி அதிகம். அதைப் பட்டென்று சொல்லிவிடுங்கள்.

டன் கணக்கில் பேசுவதா, வண்டிக்கு இவ்வளவு என்று பேசுவதா?

வண்டி நிறையும் என்று உறுதியாகத் தெரிந்தால் டன் கணக்கு. இல்லாவிட்டால் வண்டிக் கணக்கு, அல்லது டன் கணக்கோடு குறைந்தபட்ச எடை.

காயில் லோடில் இது அடிக்கடி கழுத்தை அறுக்கும். ஒரே காயில் 26 டன் இருக்கும். இரண்டாவது காயில் வைத்தால் எடை மீறும், வைக்காவிட்டால் 12 டன் இடம் காலி. டன்னுக்கு 1,150 என்று பேசிவிட்டுப் போனால் 43,700 வர வேண்டிய இடத்தில் 29,900. சுங்கச்சாவடியில் "பாதி லோடுதான்" என்றால் பாதிக் கட்டணம் வாங்குவார்களா? எனவே "35 டன்னுக்குக் குறைந்தாலும் 35 டன்னுக்கு வாடகை" என்று போனிலேயே பேசிவிடுங்கள். எடைமேடையில் நின்றுகொண்டு பேசினால் நடக்காது. வண்டிமேல் சரக்கு ஏறிவிட்டால் உங்கள் பேச்சுக்கு எடை குறைந்துவிடும்.

இரண்டு டன் கூட ஏற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள், அதற்கும் வாடகை தருகிறார்களாம்...

வேண்டாம். 2018-இல் அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது டிரெய்லர் வண்டிகளின் உச்ச மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. அதில் வண்டியின் சொந்த எடை போக மீதிதான் சரக்கு, ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி எடை மீறினால் 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இரண்டு டன்னுக்கு 24,000. அந்த இரண்டு டன்னில் உங்களுக்கு வருவது 2,300 ரூபாய். பத்து டிரிப்பில் ஒருமுறை பிடித்தாலும் மற்ற ஒன்பதில் வந்த கூடுதல் காசு முழுவதும் போய், மேலே கையிலிருந்தும் போகும். மீறிய எடையை இறக்கி வைக்கும் செலவு தனி. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பதும் எடைச்சீட்டைத்தான்.

சாதா லாரியைவிட டிரெய்லருக்குக் கூடுதல் கேட்கலாமா? என்ன காரணம் சொல்வது?

காரணம் சரக்கிலேயே இருக்கிறது. கம்பி மில்லில் இருந்து வரும் முறுக்குக் கம்பி 12 மீட்டர். சின்ன லாரியில் ஏற்ற வேண்டுமானால் அதை மடக்க வேண்டும். மடக்காமல் நீட்டிவிட்டால் பின்னால் வருபவர் உயிருக்கு ஆபத்து. அப்படி வெளியே நீட்டிக்கொண்டு போவதற்கும் 20,000 ரூபாய் அபராதம் உண்டு. 40 அடி டிரெய்லரில் 12 மீட்டர் கம்பி நேராக உட்காரும். பாலம் கட்டும் இடத்திலும் பெரிய கட்டிட வேலையிலும் நேர்க்கம்பிதான் கேட்பார்கள். "நேர்க்கம்பியா, மடக்கா?" என்று ஒரு கேள்வி கேட்டாலே எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும், இவருக்கு விஷயம் தெரியும் என்று.

அப்புறம் சரக்கைக் கட்டும் வேலை. காயிலுக்குச் சங்கிலி, ரேச்சட் பெல்ட், மரக்கட்டை ஆப்பு எல்லாம் உங்கள் சொந்தச் சாமான். மழைக்காலத்தில் பளபளப்பான ஷீட் காயிலுக்கு இரட்டைத் தார்ப்பாய் கட்ட வேண்டும். இவற்றைத் தனித்தனியாகக் காசு கேட்டால் சில்லறை பேசுவதுபோல் ஆகிவிடும். "சங்கிலி, ஆப்பு, இரண்டு தார்ப்பாய், எல்லாம் வண்டியில ரெடி. ஏத்துன அரை மணியில கிளம்பிடுவேன்" என்று சொல்லி வாடகையில் சேர்த்துக் கேளுங்கள். சரக்கு அனுப்புபவருக்கு இது பெரிய நிம்மதி.

மிஷின் லோடு, அகலம் வெளியே வருகிறது. எவ்வளவு கூடுதல்?

ரேட்டைவிட முக்கியம், அனுமதி யார் எடுப்பது என்பது. 2.6 மீட்டர் அகலத்தைத் தாண்டினால் அனுமதி இல்லாமல் நகரக் கூடாது. அனுமதிக் கட்டணம், முன்னால் போகும் பைலட் வண்டி, கரண்ட் கம்பி தூக்க வேண்டி வந்தால் அதற்கான ஆள், எல்லாம் சரக்குக்காரர் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். இரவில் ஓட்ட முடியாமல் போகலாம், ஊருக்குள் நேரக் கட்டுப்பாடு வரும். ஆகவே கிலோமீட்டரை மறந்துவிட்டு நாள் கணக்கில் பேசுங்கள். சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லும் அப்படித்தான்: சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அளவு மீறிய சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். சாதாச் சரக்கு என்று பில் போட்டுக் கொடுத்துவிட்டால் நடுவழியில் தேதி முடிந்து வண்டி நிற்கும்.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்க வேண்டும்?

போய்ச்சேரும் செலவு முழுவதும் அட்வான்ஸில் வந்தாக வேண்டும். நான் 80 சதவீதம் கேட்பேன்; 70-க்குக் கீழே தெரிந்த ஆபீஸ் தவிர யாரிடமும் இறங்கியதில்லை. ஒரு பகுதியை டீசலாகத் தருகிறேன் என்பார்கள். எந்த பங்க், அங்கே என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கிதான் தலைவலி. வாடகையில் 2,000 கூட்டிக் கொடுத்துவிட்டு, பாக்கி 15,000-ஐ மூன்று மாதம் இழுப்பவரைவிட, 2,000 குறைத்து இறக்கிய மறுநாளே போட்டுவிடுபவர் மேல். இறக்கிய சீட்டின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா, அசல் கையில் வந்தால்தான் பணமா என்று முதலிலேயே கேளுங்கள். அசல்தான் என்றால் கூரியர் செய்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "சீட்டு வரலையே" என்பது இந்தத் தொழிலில் மிகப் பழைய பொய்.

ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான பணம்) கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எப்படிப் பேசுவது?

நின்ற பிறகு கேட்டால் சுளிக்கத்தான் செய்வார்கள். லோடு எடுக்கும்போதே பேச வேண்டும்: ஏற்ற 24 மணி நேரம், இறக்க 24 மணி நேரம், அதற்கு மேல் நாளுக்கு இவ்வளவு. மேலே போட்ட கணக்கில் ஒரு நாள் நின்றால் 4,600 போகிறது என்று பார்த்தோம். அதனால் 2,000, 2,500 என்று பேசும் ஹால்டிங் உண்மையில் பாதி நஷ்டத்தை நீங்களே தாங்குவது.

எனக்கு ஒருமுறை நடந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஒரு தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். சனிக்கிழமை கிரேன் ரிப்பேர், ஞாயிறு விடுமுறை, திங்கள் மதியம் இறக்கினார்கள். ஹால்டிங் பேசவில்லை. கேட்டபோது, "நீங்க எப்ப வந்தீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் ஸ்டோர் கீப்பர். அன்றிலிருந்து கேட்டுக்குப் போனதும் செக்யூரிட்டி நோட்டில் நேரம் எழுதவைத்து அதைப் போட்டோ எடுத்துவிடுகிறேன். கூடவே எங்கிருக்கிறேன் என்பதை அனுப்பியவருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை போய்ச்சேரும்படியான லோடு என்றால் "சனிக்கிழமை இறக்குவாங்களா?" என்று கேட்காமல் ஏற்றுவதில்லை.

பேசியதை எழுதி வாங்க முடியுமா? ஸ்டாம்ப் பேப்பரா கேட்பது?

அதெல்லாம் வேண்டாம். போனை வைத்ததும் நீங்களே ஒரு செய்தி அனுப்புங்கள்: "எண்ணூர் – கோவை, காயில், குறைந்தது 35 டன், டன் 1,150, அட்வான்ஸ் 80 சதவீதம், பாக்கி இறக்கிய 3 நாளில், ஹால்டிங் 24 மணிக்கு மேல் நாளுக்கு 4,500, ஏற்று இறக்குக் கூலி உங்களுடையது, வாடகை கமிஷன் போக." பதிலுக்கு ஒரு "ஓகே" வந்த பிறகு வண்டியை எடுங்கள்.

அந்தக் கடைசி வார்த்தைக்கு ஒரு விளக்கம். கமிஷன், ஆபீஸ் செலவு, மாமூல் என்று பாக்கியிலிருந்து பிடித்துக்கொண்டே போவார்கள். எவ்வளவு பிடித்தம் என்று முன்னாலேயே கேட்டுவிட்டால், பேசும் எண்ணும் கைக்கு வரும் எண்ணும் ஒன்றாக இருக்கும்.

சரக்கில் குறை என்று வாடகையில் பிடித்தால்?

ஏற்றும்போதே போட்டோ. காயில் ஓரம் நசுங்கியிருந்தால், கட்டுக்கம்பி அறுந்திருந்தால், எல்.ஆர். சீட்டில் (சரக்கை ஏற்றியதற்கான ரசீது) எழுதவைத்துக் கையெழுத்து வாங்குங்கள். கம்பிக்கு எடைச்சீட்டு இரண்டு முனையிலும் வேண்டும். எடைமேடைக்கு எடைமேடை கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அதற்கு எத்தனை கிலோ தள்ளுபடி என்று முன்பே பேசிக்கொள்ளலாம். உங்கள் வண்டி இன்சூரன்ஸில் சரக்குக்கு நஷ்டஈடு கிடைக்காது. சரக்குக்குத் தனி இன்சூரன்ஸ் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு வைப்பது நல்லது, அதுவும் ஐப்பசி கார்த்திகையில்.

டீசல் விலை ஏறினால் வாடகையை ஏற்றச் சொல்லலாமா?

ஒரு டிரிப் பேசியது பேசியதுதான். ஆனால் ஒரே கம்பெனிக்கு மாதக்கணக்கில் ஓட்டினால், பேசிய அன்றைய டீசல் விலையைத் தேதியோடு எழுதி வையுங்கள். மேலே உள்ள கணக்கில் மொத்தச் செலவில் டீசல் 44 சதவீதம். எனவே டீசல் 5 சதவீதம் ஏறினால் வாடகை 2.2 சதவீதம் ஏற வேண்டும். குறைந்தால் குறைக்கவும் ஒத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் எதிரில் இருப்பவர் கையெழுத்துப் போடுவார்.

எந்த நேரத்தில் நல்ல வாடகை கிடைக்கும்?

மாதக் கடைசி நாலைந்து நாள். மில்களும் கம்பெனிகளும் அந்த மாதக் கணக்கில் சரக்கை வெளியே தள்ளப் பார்ப்பார்கள், வண்டி தேடுவார்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்தைய வாரம் டிரைவர்கள் ஊருக்குப் போய்விடுவதால் ஓட்டத் தயாராக இருப்பவருக்கு ரேட் ஏறும். ஆயுத பூஜைக்குப் பாதி வண்டிகள் பூ வைத்து நின்றுவிடும். அடைமழைக் காலத்தில் கட்டிட வேலை படுத்துவிடும், கம்பி லோடு குறையும். அந்த நேரத்தில் தொழிற்சாலைக் காயில், மிஷின் பக்கம் போங்கள்.

மொபைல் ஆப்பில் லோடு பிடிக்கலாமா?

பிடிக்கலாம். ரேட் விசாரிக்க நல்ல இடம். முன்பின் தெரியாதவர் "லோடு ரெடி, டோக்கனுக்கு முதல்ல ஆயிரம் போடுங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள். லோடு கொடுப்பவர் டிரைவருக்குத்தான் முன்பணம் தர வேண்டும்.

ஜிஎஸ்டி, டிடிஎஸ் என்று பிடிக்கிறார்களே?

ட்ரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு உங்கள் வண்டியை வாடகைக்குக் கொடுப்பதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. உங்கள் வாடகையில் அதைப் பிடிக்க வேலையில்லை. டிடிஎஸ் என்று முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரியும் அப்படியே. பத்து வண்டிக்கு மேல் இல்லை என்று உறுதிமொழி எழுதி பான் எண்ணோடு கொடுத்துவிட்டால் பிடிக்கக் கூடாது. அந்தத் தாளில் நாலைந்து நகல் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

வெளிமாநிலத்தில் மொழி தெரியாமல் வாடகை பேசுவது எப்படி?

பல்லாரி பக்கம் ஸ்டீல் ஏற்றப் போனால் வாடகைக்கு "பாடிகெ", ஆந்திராவில் "கிராயி", அதற்கு மேலே இந்தியில் "பாடா". எல்.ஆர். சீட்டை வடக்கே "பில்டி" என்பார்கள், எடைமேடை "காண்டா", கூலி "ஹமாலி". இந்த நாலைந்து சொல் போதும். "ஹமாலி யாருடையது?" என்பதை மட்டும் மறக்காமல் கேளுங்கள், தெற்கே சரக்குக்காரர் தலையில் போகும் கூலி, சில ஊர்களில் டிரைவர் தலையில் விழும். எண்ணை வாயால் சொல்ல வேண்டாம். போனில் கால்குலேட்டரைத் திறந்து தட்டிக் காட்டுங்கள், அவரையும் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் திரையை வைத்துக்கொண்டு பள்ளி முடிக்காத எங்கள் ஊர்க்காரர்கள் நாக்பூர் வரைக்கும் வாடகை பேசுகிறார்கள்.